உழவுக்கும் வண்டிக்கும் எந்த ஜோடி? காங்கயமா, உம்பளாச்சேரியா, புலிக்குளமா, ஹள்ளிகாரா?

"அண்ணாச்சி, ஒரு ஜோடி மாடு பிடிக்கலாம்னு இருக்கேன், எந்த இனம் நல்லது?" இப்படிக் கேட்பவர்கள் சமீப காலமாகக் கூடிக்கொண்டே வருகிறார்கள். சிலர் வெளியூர் வேலையை விட்டுவிட்டு அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் பக்கம் அப்பா காலத்து நிலத்தைப் பார்க்க வந்தவர்கள். சிலர் காலங்காலமாக மாடு கட்டி உழுதவர்கள், கிழடு தட்டிய ஜோடியை மாற்ற வேண்டும், ஆனால் அக்கம்பக்கத்தில் நல்ல மாடு கிடைக்கவில்லை. ரெண்டு கூட்டத்துக்கும் பிரச்சினை ஒன்றுதான்: செல்போனில் காங்கயம் காளையின் திமிலையும் கொம்பையும் பார்த்தவுடன் மனசு அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது, நிலம் எப்படிப்பட்டது என்ற யோசனை அதற்கப்புறம்தான் வருகிறது.

அழகுக்கு மாடு வாங்குபவர்களுக்கு இந்தக் கட்டுரை வேண்டாம், அவர்கள் எதை வாங்கினாலும் சந்தோஷமாக இருப்பார்கள். இது நுகத்தடி பூட்டி வேலை வாங்கப் போகிறவர்களுக்கு.

## முதலில் எதை வைத்து முடிவு செய்வது

மண். திருநெல்வேலிச் சீமையில் ஒரே மண் கிடையாது. தாமிரபரணி அணைக்கட்டுப் பாசனத்தில் கார், பிசானம் என்ற ரெண்டு நெல் போகமும் விளைகிற நஞ்சை ஒன்று. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஒன்று. சங்கரன்கோவில், ராதாபுரம் பக்கத்து மேட்டுச் செம்மண் வேறு, சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கத்துத் தேரி மணல் வேறு. (மாவட்டக் கோடு இப்போது எங்கே போகிறது என்பதை விடுங்கள், மாட்டுக்கு அது தெரியாது.) தொழியில், அதாவது நடவுக்குத் தண்ணீர் கட்டிச் சேறாக்கும் வயலில், நிற்கிற மாடு வேறு, கரிசலில் கலப்பைக் கொழு பிடித்து இழுக்கிற மாடு வேறு.

வேலை. உழவா, வண்டியா, வாழைக்குள் இடை உழவா, பந்தயமா? நாலுக்கும் ஒரே ஜோடி என்று யாராவது சொன்னால் அவர் தரகராகத்தான் இருப்பார்.

வேலை நாள். வருஷத்தில் எத்தனை நாள் மாடு நுகத்தில் நிற்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பலருக்கு அந்தத் தாளே பதில் சொல்லிவிடும்.

தீவனம். 400 கிலோ எடையுள்ள ஒரு மாடு, உலர்ந்த கணக்கில் தன் எடையில் நூற்றுக்கு இரண்டிலிருந்து இரண்டரைப் பங்கு தின்னும், அதாவது ஒரு நாளைக்கு 8 முதல் 10 கிலோ. ஜோடிக்கு வருஷத்துக்கு 6, 7 டன். ஒரு ஏக்கர் நெல்லில் கிடைக்கிற வைக்கோல் இரண்டு டன்னை ஒட்டித்தான் வரும், ஆக மூன்று ஏக்கர் வைக்கோலை ஒரு ஜோடி தின்று தீர்க்கும். அதுவும் சும்மா கட்டிக் கிடக்கிற மாட்டுக்கு. வேலை செய்கிற மாட்டுக்கு வைக்கோல் மட்டும் போதாது, தவிடு, பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, கொஞ்சம் பச்சை எல்லாம் வேண்டும்.

ஆள். யார் பூட்டுவது? இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மாடு நல்ல மாடாகவே இருக்கும், மேழி (கலப்பைக் கைப்பிடி) பிடிக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள், அவர்களுக்கும் அறுபது தாண்டியிருக்கும்.

மாற்று மாடு. ஜோடியில் ஒன்று நொண்டினாலோ செத்தாலோ அதே உயரம், அதே நடை உள்ள இன்னொன்று எங்கே கிடைக்கும்? இனம் எவ்வளவு தூரத்து இனமோ இந்தக் கவலையும் அவ்வளவு பெரிது.

## காங்கயம்

திருப்பூர் மாவட்டம் காங்கயம், தாராபுரம் வட்டாரத்தையும் ஈரோடு, கரூர் பக்கங்களையும் சொந்த மண்ணாகக் கொண்ட இனம். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இதைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து எடுத்தது. கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதம் போல ஆனால் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளைக்குத் தலை, கழுத்து, திமில் எல்லாம் கருத்துக் கிடக்கும், காயடித்துவிட்டால் அந்தக் கருப்பு வெளிறிவிடும். அதனால் படத்தில் பார்த்த கருந்திமில் காளையை உழவு மாட்டில் தேடாதீர்கள்.

இதன் பலம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எங்கே பொருந்தும் என்பதும் தெரிந்துவிடும். கொங்கு நாட்டில் கொரங்காடு என்று மேய்ச்சல் நிலம் வைத்திருப்பார்கள், சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும். மழை குறைந்த காய்ந்த பூமி, சரளைத் தரை. அதில் நடந்து வளர்ந்த மாட்டுக்குக் குளம்பு இறுகிப்போயிருக்கும், காய்ந்த புல்லைத் தின்றும் எடை நிற்கும், வெயில் தாங்கும். ஆகவே ராதாபுரம் செம்மண்ணுக்கும் கோவில்பட்டிக் கரிசலுக்கும் பாரம் ஏற்றும் டயர் வண்டிக்கும் இதைவிட நல்ல மாடு தேடினாலும் கிடைக்காது.

தொழிக்கு வந்தால் கதை மாறுகிறது. வயது வந்த மாடு 500 கிலோ எடைக்குப் போகும். முழங்கால் ஆழச் சேற்றில் அந்த எடையோடு கால் உள்ளே போகும், ஒவ்வொரு எட்டுக்கும் காலைப் பிடுங்கி எடுக்கவே பாதி பலம் செலவாகும். நாளெல்லாம் தண்ணீரில் நின்று பழகாத குளம்பு ஊறி மெலியும், விரலிடுக்கில் புண் வரும். கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி நஞ்சைக்கென்றே காங்கயம் வாங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அரைச் சேறு, மேட்டு வயல் என்றால் சமாளிக்கும்.

மறைவான செலவு: விலையும் தூரமும். பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமை சந்தை உண்டு, சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழாவை ஒட்டிப் பெரிய சந்தை கூடும். அங்கே பிடித்து லாரியில் ஏற்றி நம்மூருக்கு வருவதற்குள் வாடகை, தரகு, ரெண்டு நாள் ஆள் சாப்பாடு எல்லாம் சேர்ந்துவிடும். ஒன்று போனால் ஜோடி சேர்க்க மறுபடி அதே பயணம்.

## உம்பளாச்சேரி

நாகப்பட்டினம், திருவாரூர் பக்கத்துக் கடலோரத் தாழ்ந்த வயல்களின் மாடு. கால் குட்டை, உடம்பு கச்சிதம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, நாலு காலிலும் குளம்புக்கு மேலே வெள்ளை, வால் நுனியும் வெள்ளை. அங்கே சின்ன வயதிலேயே கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கம் இருந்ததால் மொட்டை மாடு என்றே ஒரு பெயர் உண்டு, தெற்கத்தி மாடு என்றும் சொல்வார்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கையில் இருக்கிற அரசு கால்நடைப் பண்ணை இந்த இனத்தைப் பராமரிக்கிறது.

தொழி உழவு என்றால் இதுதான். சேற்றில் மணிக்கணக்காக நடந்தாலும் மூச்சு வாங்காது, சின்ன வயலில் வரப்போரத்தில் திரும்பும்போது அந்தக் குட்டைக் கால் எவ்வளவு உதவி என்பது மேழி பிடித்தவருக்குத் தெரியும். உப்பு ஏறிய மண்ணில் முளைக்கிற புல்லையும் மேயும் என்பதால், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே ஏரல், ஆத்தூர் என்று கடைமடையில் நிலம் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். கீழே அட்டவணையில் தீவனத்துக்கு நேரே பாருங்கள், அதிலும் இது சிக்கனம்தான்.

குறை என்னவென்றால் நம்மூரில் இதை விற்பவரும் வாங்குபவரும் குறைவு. நீங்கள் திருப்பி விற்கும்போது மேலப்பாளையம் சந்தையில் உயரத்தைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள், இனத்தைப் பார்த்து அல்ல. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது, குட்டை மாடு என்று விலையைக் கீழே இறக்கிவிடுவார்கள். பாரவண்டிக்கும் அவ்வளவாக ஆகாது, வைக்கோல் ஏற்ற, எரு அடிக்க என்றால் தாராளமாகப் போகும்.

## புலிக்குளம்

மதுரை, சிவகங்கை, விருதுநகர் பக்கத்து இனம். மாட்டுப் பொங்கல் சமயம் ஜல்லிக்கட்டுக் காளையாக ஊர் முழுக்கத் தெரிந்த மாடு, மீதி நாளில் கிடை மாடு. நூற்றுக்கணக்கில் மந்தையாக ஓட்டிக்கொண்டு போய் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவார்கள், சாணமும் கோமியமும் நிலத்துக்கு, மந்தைக்காரருக்குக் கூலி. மாட்டுக்கு மேய்ச்சல் நடந்தபடியே நடக்கிறது, கொட்டகை என்று ஒன்றே கிடையாது.

என் பார்வையில் சங்கரன்கோவில், சிவகிரி, கயத்தாறு பக்கம் அஞ்சாறு ஏக்கர் வைத்திருக்கிற சம்சாரிக்கு, அதாவது கொஞ்சம் கரிசல், கொஞ்சம் கிணற்றுப் பாசனம், வருஷத்தில் பல நாள் மாடு மேய்ச்சலில்தான் நிற்கும் என்கிறவருக்கு, இதுதான் கணக்குக்கு ஒத்து வரும். உடம்பு சின்னது, தீனி குறைவு, நோய் நொடி அவ்வளவாக அண்டாது, பக்கத்து மாவட்டம் என்பதால் மாற்று மாடும் கிடைக்கும். காங்கயம் ஜோடி ஒரே மூச்சில் இழுக்கிற பாரத்தை இது ரெண்டு நடையாக இழுக்கும், அவ்வளவுதான். நாட்டுக் கலப்பையில் ஒரு ஜோடி நாளைக்கு முக்கால் ஏக்கரிலிருந்து ஒரு ஏக்கர் வரை உழும், புலிக்குளத்தில் அந்த முக்காலை எதிர்பாருங்கள்.

ஆனால் பழக்குவது இருக்கிறதே! கிடையிலிருந்து நேரே பிடித்து வந்த இளங்காளை மனுஷன் கை பட்டிருக்காது. மூக்கணாங்கயிறு போட்டு, பழகிய கிழ மாட்டோடு வெறும் நுகத்தடியில் ஓட்டி, அப்புறம் ஒரு மரக்கட்டையை இழுக்க வைத்து, அப்புறம்தான் கலப்பை. வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்து, பழக்க ஆளும் இல்லையென்றால், விலை கூடினாலும் பரவாயில்லை, ஏற்கெனவே வேலைக்குப் பழகிய ஜோடியை வாங்குங்கள். முழுக் காளையாக வைத்துக்கொண்டு உழவும் வேண்டும் ஜல்லிக்கட்டும் வேண்டும் என்று சிலர் ஆசைப்படுவார்கள். வாடிவாசலுக்கு விடுகிற மாட்டை நுகத்தில் பூட்ட மாட்டார்கள், பூட்டிப் பழகிவிட்டால் அது வாடிக்கு ஆகாது.

## ஹள்ளிகார், அதாவது நம்மூரார் சொல்லும் மைசூர் மாடு

கர்நாடகத்தின் தும்கூர், மாண்டியா, ஹாசன் பக்கத்து மாடு, நமக்கு இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, தர்மபுரியிலும் உண்டு. ஒடிசலான நீள உடம்பு, பின்னால் சாய்ந்து மேலே ஏறும் நீளக் கொம்பு, நல்ல ஓட்டம். பாரத்தைவிட வேகத்துக்கு எடுத்த மாடு.

எனவே இதைக் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் பந்தயக்காரர்கள்தான். தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் மாட்டு வண்டிப் போட்டி என்றால் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று உயரத்துக்கும் பல்லுக்கும் ஏற்பப் பிரிவு உண்டு. பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் விழா நேரத்தில் போய் ரோட்டோரம் நின்று பார்த்தால் புரியும், அங்கே இனத்தைவிட ஜோடி ஒற்றுமையும் சாரதியும்தான் ஜெயிக்கின்றன. பந்தய மாட்டின் விலை லட்சக்கணக்கில் போகும். தீனிச் செலவும் உழவு மாட்டைப் போல அல்ல: பேரீச்சம்பழம், முட்டை, உளுந்து என்று போய்க்கொண்டே இருக்கும். பரிசுப் பணத்தில் அதை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதை மட்டும் கணக்குப் போடுங்கள்.

உழவுக்கு? செய்யும். மேட்டு நிலத்தில் வேகமாகவே செய்யும். ஆனால் மெதுவாக நடக்கச் சொன்னால் கேட்காது. வாழை, பருத்தி என்று வரிசைக்குள் நிதானமாகப் போக வேண்டிய இடத்தில் இது சள்ளை. பர்கூர் மலை மாட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான், அந்தச் செந்நிறத்தில் வெள்ளைத் திட்டு பார்க்க அம்சமாக இருக்கும், புது ஆளைக் கண்டால் மிரளும், சமவெளிச் சம்சாரிக்கு அது வேலை வைக்கும்.

## டிராக்டர் வாடகை

ஒப்பீடு என்றால் இதையும் வைத்துத்தானே ஆக வேண்டும். வருஷத்தில் மாட்டுக்கு முப்பது நாற்பது நாள்தான் வேலை, மேய்ச்சலும் இல்லை, வைக்கோலும் விலைக்குத்தான் என்றால், வாடகை டிராக்டரே லாபம், இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை. நஞ்சையில் இரும்புச் சக்கரம் மாட்டித் தொழி அடித்துவிட்டு டிராக்டர்காரன் ஒரே காலையில் போய்விடுவான்.

அதற்கும் மறைவான செலவு உண்டு. தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டவுடன் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் டிராக்டர் வேண்டும், சின்ன வயல்காரனுக்குக் கடைசியில்தான் வருவான், நாற்று அதற்குள் முற்றிவிடும். வரப்பு உடையும், மூலை உழாமல் கிடக்கும். வருஷா வருஷம் கனத்த வண்டி ஓடி அடிமண் இறுகும். களக்காடு, ஏரல் வாழைக்குள் அது நுழையவே நுழையாது, அங்கே பவர் டில்லர் அல்லது மாடு. எரு என்று ஒரு சட்டிகூட தராது. இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் மாட்டைக் கணக்குப் போடும்போது சாணத்தையும் கோமியத்தையும் வரவில் எழுத வேண்டும், இல்லையென்றால் மாடு எப்போதும் நஷ்டமாகத்தான் தெரியும்.

## குதிரை கேட்பவர்களுக்கு

சிரிக்காதீர்கள், உண்மையாகவே கேட்கிறார்கள். வெளிநாட்டில் ஒரு டன் எடைக்குப் பக்கத்தில் நிற்கும் உழவுக் குதிரைகளின் படத்தைப் பார்த்துவிட்டு. பிரான்சின் பெர்ஷெரான் போன்ற இனங்கள் குளிர் நாட்டின் ஈரப்புல்லிலும் ஓட்ஸிலும் வளர்ந்தவை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வருகிற மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள் சவாரிக்கு எடுத்தவை, கலப்பை இழுக்க அல்ல. அதற்கு மேல், நம் மாட்டுக்குத் திமில் இருக்கிறது, அதற்கு முன்னால் நுகத்தடியை வைத்தால் நின்றுகொள்ளும். குதிரைக்குத் திமில் இல்லை, மார்பால் தள்ளித்தான் இழுக்கும், அதற்குக் கழுத்தைச் சுற்றிய தனிப் பட்டையும் சேணமும் தைக்க வேண்டும். மாடு அசைபோட்டு வைக்கோலிலிருந்தே சத்து எடுக்கும், குதிரைக்கு அந்த வயிறு கிடையாது, வெறும் வைக்கோலைப் போட்டால் வயிற்று வலியில் படுத்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | பொருந்தும் மண் | சிறந்த வேலை | தீவனம் | சுபாவம் | மறைவான செலவு |
|---|---|---|---|---|---|
| காங்கயம் | செம்மண், கரிசல், தேரியோரம் | ஆழ உழவு, பாரவண்டி | அதிகம் | சொல் கேட்கும் | விலை, தூரம், ஜோடி சேர்ப்பது |
| உம்பளாச்சேரி | நஞ்சைத் தொழி, கடைமடை | சேற்று உழவு | குறைவு | சாது, சுறுசுறுப்பு | திருப்பி விற்கும் விலை |
| புலிக்குளம் | கரிசல், மானாவாரி | உழவு, எரு | குறைவு | முரடு, பழக்கினால் படியும் | பழக்கும் நாள் |
| ஹள்ளிகார் | மேட்டு நிலம், ரோடு | ஓட்டம், பந்தயம் | பந்தயம் என்றால் மிக அதிகம் | துடிப்பு | விலை, தீனி |
| டிராக்டர் | எல்லாம், வாழை நீங்கலாக | பெரிய வயல் | டீசல் | ஓட்டுநரைப் பொறுத்தது | காத்திருப்பு, மண் இறுக்கம் |

## எதை முடிவு செய்தாலும் சந்தையில் பார்க்க வேண்டியது

பல்லைப் பாருங்கள். பால் பல் விழுந்து ரெண்டு பல் முளைத்தால் ரெண்டு, ரெண்டரை வயது, நாலு பல் என்றால் மூன்றை ஒட்டி, கடை சேர்ந்துவிட்டால், அதாவது எட்டுப் பல்லும் முளைத்துவிட்டால், நாலு, ஐந்துக்கு மேல். பழகாத மாட்டை நாலு பல்லில் வாங்குவது நல்லது. கடை சேர்ந்த பிறகு பல் தேய்மானத்தை வைத்துத்தான் வயது சொல்ல வேண்டும், அது அனுபவஸ்தர் வேலை, கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.

அடுத்தது நடை. கட்டுத்தறியிலேயே வைத்துப் பார்த்து விலை பேசாதீர்கள். அவிழ்த்து ஈர மண்ணில் நடக்கவிட்டுப் பின்னால் குனிந்து பாருங்கள்: முன்னங்கால் குளம்பு பதிந்த தடத்திலேயே பின்னங்கால் குளம்பு வந்து விழ வேண்டும். குறைந்து விழுந்தால் இடுப்பிலோ தொடையிலோ பிடிப்பு இருக்கலாம். திமிலுக்கு முன்னால் நுகம் உட்காரும் இடத்தை உள்ளங்கையால் அழுத்துங்கள். தோல் தடித்துக் காய்ப்பேறி மாடு சும்மா நின்றால் வேலை பார்த்த கழுத்து. அழுத்தியவுடன் தோலைச் சுளித்துத் தலையை இழுத்தால் உள்ளே பழைய புண் இருக்கிறது, மேலே மஞ்சளும் எண்ணெயும் தடவி மறைத்திருப்பார்கள். மூக்கு நுனியில் முத்து முத்தாக ஈரம் நிற்க வேண்டும். சுழி, அதாவது மாட்டின் மேல் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து ராசி பார்ப்பது உங்கள் இஷ்டம், நான் பார்ப்பதில்லை, ஆனால் திருப்பி விற்கும்போது வாங்குகிறவர் பார்ப்பார் என்பதால் கெட்ட சுழி என்று ஊர் சொல்வதை வைத்து விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

ஜோடியாக வாங்கினால் எது வலத்து மாடு, எது இடத்து மாடு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் பூட்டினால் நல்ல ஜோடியும் முரண்டு பண்ணும்.

வண்டி வேலைக்கு வாங்குபவர்களுக்கு ஒன்று. 1965ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்பு விதிப்படி வண்டி மாட்டை ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலோ, இடைவெளி இல்லாமல் 5 மணி நேரத்துக்கு மேலோ ஓட்டக் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் மதியம் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. நம்மூர்ச் சித்திரை, வைகாசியில் அது ஏறக்குறைய எல்லா நாளும்தான், ஆகவே வாடகை வண்டி வருமானம் கணக்குப் போடும்போது அந்த மூன்று மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். தார் ரோட்டில் ஓடினால் லாடம் சீக்கிரம் தேயும், லாடம் அடிப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதை மாடு வாங்குமுன் விசாரியுங்கள். ஆற்று மணல் அள்ளச் சொல்லி யாராவது நல்ல கூலி தருகிறேன் என்றால் போகாதீர்கள், வண்டியோடு மாடும் காவல் நிலைய வாசலில் நிற்கும்.

எப்போது வாங்குவது? மாசி, பங்குனியில் பிசான அறுவடை முடிந்து வைக்கோல் மலிந்து கிடக்கும், முதலில் வைக்கோல் படப்பைப் போட்டுவிட்டு அப்புறம் மாடு பாருங்கள். சித்திரையில் பிடித்தால் கோடை உழவில் மெதுவாகப் பழக்கி, ஆனியில் கார் தொழிக்குள் இறக்கச் சரியாக இருக்கும். புரட்டாசி அவசரத்தில் வாங்குபவரிடம் தரகர் சொன்னதுதான் விலை.

வாங்கி வந்த ஜோடியை வீட்டு மாடுகளோடு சேர்த்துக் கட்டாமல் ரெண்டு வாரம் தனியாக வையுங்கள். கோமாரியும் அம்மையும் சந்தையிலிருந்துதான் வீட்டுக்கு வருகின்றன. தடுப்பூசி போட்டாச்சு என்று விற்றவர் சொன்னாலும் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள், குளம்பிலோ கழுத்திலோ சந்தேகம் இருந்தால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே ஓட்டிப் போகலாம்.